வெற்றிலைக்குள் வைத்த கூலி

கொழும்பிலயோ யாழ்ப்பாணத்திலயோ போய் "நான் மட்டக்களப்பு" எண்டு சொல்லிப் பாருங்க. பத்துப் பேரில ஒரு ஆளாவது சிரிச்சுக்கொண்டு கேட்பார்: "பாயோட ஒட்டிப்போடுவீங்களாமே?" மட்டக்களப்புக்குப் போனவன் திரும்பி வரமாட்டான், மருந்தும் மந்திரமும் போட்டு அவனைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்பது பழைய கதை. நாங்களும் சிரித்துவிட்டுப் போவோம். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்லப்படாது.

அந்தக் கதையில் மருந்து இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, பாய் கூட இருக்கிறது. வேலை செய்த ஆளைத்தான் காணவில்லை. மருந்தை இடித்தது யார்? வேரை எங்கே பிடுங்கினார்? சாமத்தில் எழும்பிப் போனதற்கு அவருக்கு என்ன கிடைத்தது? அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க முடிந்ததா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது ஒரு காகிதத்தால். பெத்தாவின் றங்குப்பெட்டிக்குள் அவவின் தகப்பனுடைய மரணச் சான்றிதழ் இருந்தது. படுவான்கரையில் அவரை அறிந்த எல்லாருக்கும் அவர் பரிசாரியார். எங்கட வீட்டுக்கு இன்றைக்கும் "பரிசாரியார்ட வளவு" எண்டுதான் பெயர். ஆனால் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்தது "கமம்". ஊர் முழுக்கத் தெரிந்த தொழில் அரசாங்கக் காகிதத்தில் தொழிலாக ஏறவில்லை. ஏன்? காசு வாங்காததாலா, வாங்கிய காசு கணக்கில் வராததாலா?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது. வெல்லாவெளிப் பக்கத்துப் பரிசாரிமாரின் வரலாற்றை, அவர்களுக்குக் கிடைத்ததும் கிடைக்காமல் போனதுமான கூலியின் வழியாகப் பார்க்கிறேன்.

ஆத்துக்கு அங்கால

முதலில் இடம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகக் கிட்டத்தட்ட 56 கிலோமீற்றர் நீளம். அதன் கிழக்கில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகம் இருக்கிற வெல்லாவெளி படுவான்கரையின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. வயல், குளம், மாடு, காடு, யானை. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய கடை, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் எழுவான்கரையில்.

வெல்லாவெளியில் இருந்து அங்கே போக ஒன்றில் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்குப் போக வேண்டும், இல்லாட்டி மண்டூரில் ஓடம் ஏறிக் குருமண்வெளியில் இறங்க வேண்டும். மாரியில், வெள்ளம் வீதியை மூடினால், இரண்டும் சந்தேகம். வயலில் பாம்பு கடிப்பதும், வரம்பில் வழுக்கிக் கை முறிவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவதும் பெரும்பாலும் அதே மாரியில்தான். பரிசாரியாரின் தொழிலை உண்டாக்கியது மந்திரத்தைவிட இந்தத் தூரம் என்றுதான் நான் நினைக்கிறேன். கூப்பிட்ட உடனே வரக்கூடிய தூரத்தில் இருந்த ஆள் அவர்.

ஒரு தொழில் இல்லை, நாலு தொழில்

"பரிசாரி" என்ற சொல் "பரிகாரி" என்பதன் ஊர் வடிவம். பரிகாரம் செய்பவர் பரிகாரி. யாழ்ப்பாணத்தில் அதுவே "பரியாரி" ஆனது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முடி திருத்துகிற சமூகத்தவரையும் இதே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். ஏனென்றால் சவரக் கத்தியும், கட்டி கீறுவதும், பிள்ளைப்பேறு பார்ப்பதும் பல ஊர்களில் அவர்கள் வீட்டு வேலைகளாக இருந்தன. ஒரே சொல்லில் ஒரு பக்கம் மரியாதை, இன்னொரு பக்கம் சாதி இழிவு. வைத்தியம் பார்த்த எல்லாருக்கும் "யார்" விகுதி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றை வாசிக்க வேண்டும்.

வேலையும் ஒன்றில்லை. காய்ச்சல், இருமல், வயிற்றோட்டத்துக்குக் குடிநீர் காய்ச்சிக் கொடுக்கிற பொது வைத்தியர் ஒருவர். முறிவு நெரிவு பார்ப்பவர் இன்னொருவர்: எலும்பைத் தடவிப் பொருத்தி, எண்ணெய் போட்டு, பத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார். விஷகடி வைத்தியர் வேறு. மருத்துவிச்சி வேறு. இதைவிட அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறி ஆடி வாக்குச் சொல்பவர்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பவர்கள், நூல் கட்டுபவர்கள். "நாட்டு வைத்தியம்" என்று இன்றைக்கு நாம் ஒரு பைக்குள் போடுவது அன்றைக்கு நாலைந்து தனித் தொழில்.

ஒரு பொது வைத்தியரின் நாளை எடுத்துப் பாருங்கள். விடியவே ஆட்கள் வந்து திண்ணையில் இருப்பார்கள். நாடி பார்ப்பது, நாக்கைப் பார்ப்பது, என்ன சாப்பிட்டாய் என்று கேட்பது. சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் அடி. அக்கரைப்பற்றில் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இந்தச் சூடு–குளிர்ச்சி எண்ணம் சாப்பாட்டில் இருந்து கோயில் சடங்கு வரை எப்படி ஓடுகிறது என்று 1998இல் ஒரு நூலே எழுதினார்.

ஆட்கள் போன பிறகுதான் யாருக்கும் தெரியாத வேலை தொடங்கும். ஆடாதோடை, பாவட்டை போன்றவற்றை வேலியிலும் காட்டிலும் தேட வேண்டும். வேர்க்கொம்பு, திப்பிலி, கடுக்காய் எல்லாம் காசு கொடுத்துச் சரக்குக் கடையில் வாங்க வேண்டும். காய வைக்க, இடிக்க, அரிக்க, எண்ணெய் காய்ச்ச ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பரிசாரியாரின் பெண்சாதியும் பொம்பிளைப் பிள்ளைகளும். அவர்களுக்கு எந்த ஊரிலும் பட்டம் கிடைத்ததில்லை. உலக்கை பிடித்த கை யாருடைய கதையிலும் இல்லை.

குடுக்கிறத குடு மனே

சரி, கூலி?

"எவ்வளவு பரிசாரியார்?" என்று கேட்டால் "குடுக்கிறத குடு மனே" என்பதுதான் மறுமொழி. விலை சொல்லக் கூடாது. விலை சொன்னால் கைராசி போய்விடும். வெற்றிலைக்குள் காசை வைத்து இரண்டு கையாலும் கொடுப்பார்கள். எவ்வளவு என்று அவர் அந்த இடத்தில் எண்ணிப் பார்க்க மாட்டார். விஷகடி வைத்தியருக்கு இன்னும் கடுமை. காசே வாங்கக் கூடாது, எந்தச் சாமத்தில் ஆள் வந்தாலும் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. கூப்பிட வந்தவன் எந்தத் திசையில் நின்றான், எப்படிப் பேசினான் என்பதை வைத்தே கடிபட்டவர் பிழைப்பாரா என்று குறி பார்ப்பது அவர்களின் கலை.

பிறகு எப்படிச் சீவித்தார்கள்? மட்டக்களப்பின் ஊர்ப் பொருளாதாரம் அன்றைக்கு நெல்லில் ஓடியது. போடியாருக்கு நிலம், வட்டைவிதானைக்கு வயல் நிருவாகம், முல்லைக்காரனுக்கு வேலையாட்களின் பொறுப்பு. சூடடித்துக் களவெட்டியில் பொலி குவிந்த பிறகு ஊருக்கு உழைத்தவர்களுக்கு நெல் அளக்கப்படும். சுகமாக்கிவிட்டவருக்கும் அப்படித்தான் வந்து சேரும்: ஒரு சாக்கு நெல், ஒரு குடம் தயிர், பிள்ளை பிறந்தால் மருத்துவிச்சிக்கு ஒரு சேலை, அரிசி, தேங்காய். மிச்சத்துக்கு அவரும் வயல் செய்தார். அதனால்தான் சான்றிதழில் "கமம்".

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. விலை சொல்லாத தொழிலில் பணக்காரன் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் கேட்க முடியாது. ஏழை ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் வைத்தியம் நடந்தது என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வழக்கத்தின் இரண்டு பக்கம். ஊரின் முதலாவது இலவச வைத்திய சேவைக்குச் சம்பளம் போட்டது யார் என்று கேட்டால், பரிசாரியாரின் வீடுதான்.

சட்டம் வந்தது, பெயர்ப்பலகை வந்தது

20ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் இந்தத் திண்ணைக்கு வந்தது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1941இல் சுதேச மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்தது, வைத்தியர்களைப் பதிவு செய்கிற முறை தொடங்கியது. 1961இன் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத் திணைக்களத்தையும் ஆயுர்வேத மருத்துவ சபையையும் உருவாக்கியது. அந்தச் சட்டத்தில் "ஆயுர்வேதம்" என்ற சொல்லுக்குள் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை எல்லாம் அடக்கம். அதாவது தமிழில் பாட்டாக மருந்து மனனம் பண்ணிய வெல்லாவெளிப் பரிசாரியாரும் சட்டத்தின் கண்ணில் ஆயுர்வேத வைத்தியர். இன்றைக்கும் பாரம்பரிய வைத்தியர்கள் விஷகடி, முறிவு நெரிவு என்று தங்கள் பிரிவின் கீழ் பதிவு செய்துகொள்கிறார்கள்.

பதிவு எண் கிடைத்தவர் பெயர்ப்பலகை போட்டார். நோயாளிக்கு அது நல்லது, யார் என்ன படித்தார் என்று கேட்க ஒரு இடம் கிடைத்தது. ஆனால் படிவம் நிரப்பி, கொழும்போடு கடிதத் தொடர்பு வைத்து, பரீட்சைக்குத் தோற்றக்கூடியவர்களுக்குத்தான் அது சுலபம். ஏடும் ஞாபகமும் மட்டும் வைத்திருந்தவர்கள், அதிலும் பெண்கள், பின்னால் நின்றார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம் வேறு பக்கத்தால் வந்தது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடு முழுக்கப் பரவ, பயிற்சி பெற்ற மருத்துவ மாதுக்கள் ஊர்களுக்கு வந்தார்கள். 1934–35இல் நாட்டில் கிட்டத்தட்ட 80,000 பேரைக் கொன்ற மலேரியா, 1946இல் தொடங்கிய டீடீரீ தெளிப்புக்குப் பிறகு 1963இல் வெறும் 17 நோயாளிகளாகக் குறைந்தது. (சில வருசத்தில் திரும்பி வந்தது வேறு கதை. 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது.)

காய்ச்சல் குறைந்தால் காய்ச்சலுக்குக் குடிநீர் காய்ச்சுபவரின் திண்ணையும் குறையும். மருத்துவிச்சி தொழில் கிட்டத்தட்ட முழுதாகவே முடிந்தது. இன்றைக்கு இலங்கையில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. தாய்மார் சாவது குறைந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். இந்த இழப்புக்காக நான் கண்ணீர் விடமாட்டேன். ஆனால் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த பெண்களின் பெயரை ஒரு துண்டிலாவது எழுதி வைத்தோமா என்று கேட்பேன்.

ஓடம் நின்ற காலம்

போகிற போக்கில் போயிருந்தால் 1990களில் இந்தத் தொழில் படுவான்கரையில் ஓய்ந்திருக்கும். போர் அதைக் கிறுகி வரவைத்தது.

1990 ஜூனுக்குப் பிறகு வாவி எல்லைக்கோடு ஆனது. எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். அரசாங்கத்தின் பாசையில் ஒன்று "விடுவிக்கப்பட்ட", மற்றது "விடுவிக்கப்படாத" பகுதி. பாலத்தடியில் சோதனைச் சாவடி. மருந்து, எரிபொருள், பற்றரி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. முறிந்த காலோடு ஒரு இளைஞனைப் பாலத்தால் கொண்டுபோனால் "இது எப்படி முறிந்தது?" என்ற கேள்விக்கு மறுமொழி சொல்ல வேண்டும். மறுமொழி பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியான காலத்தில் ஊருக்குள் எலும்பு கட்டத் தெரிந்தவர் திரும்பவும் தேவைப்பட்டார்.

தேவை கூடியது, கூலி கூடவில்லை. வயலே செய்ய முடியாத இடத்தில் நெல் எங்கால வரும்? சரக்குக் கடையும் ஆத்துக்கு அங்கால. ஊரில் கிடைக்கிற பச்சிலையை மட்டும் வைத்து ஒப்பேற்ற வேண்டிய நிலை.

இன்னொரு வேலையும் அப்போது பெருகியது. காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களுக்கு வந்தார்கள். "எண்ட புள்ள இருக்கானா?" பொலிசிலும் முகாமிலும் கேட்க முடியாத கேள்வியைத் தெய்வம் ஆடுபவரிடம் கேட்டார்கள். 1990களில் மட்டக்களப்பில் இருந்து இதை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், 2000இல் வந்த தன்னுடைய கட்டுரையின் தலைப்பிலேயே இதை வாக்குச் சொல்பவர்களின் "வேலை" என்று குறித்தார். எனக்கு அந்தச் சொல் முக்கியம். ஒரு நாளில் எத்தனையோ தாய்மாரின் அழுகையை உடம்பில் ஏற்றி, தடுமாறி விழுந்து, தண்ணீர் குடித்து எழும்பி, அடுத்த ஆளைக் கூப்பிடுவது வேலைதான். கடுமையான வேலை. நகரத்தில் அதற்கு "உளவள ஆலோசனை" என்று பெயர். கதவு இருக்கிற அறை இருக்கும், மாதச் சம்பளம் இருக்கும். கோயில் முற்றத்தில் தட்டில் விழுந்த சில்லறைதான் சம்பளம்.

2007 மார்ச்சில் சண்டை படுவான்கரைக்குள் வந்தது. வெல்லாவெளி உட்படப் பல ஊர்களில் இருந்து பல்லாயிரம் பேர் வாவியைத் தாண்டி ஓடினார்கள். ஓடும்போது எதை எடுத்தார்கள்? அடையாள அட்டை, பிள்ளை, கொஞ்சம் அரிசி. ஏட்டுக்கட்டையும் மருந்துப் பெட்டியையும் தூக்க எத்தனை பேருக்குக் கை இருந்திருக்கும்?

80,000க்குள் ஒரு கணக்கு

போர் முடிந்தது. 2014இல் மண்முனையில் பாலம் வந்தது. படுவான்கரையில் வீதிகள் கார்ப்பெற் ஆயின. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு மோட்டார்சைக்கிளில் போய்விடலாம். பரிசாரியாரை வாழவைத்த தூரம் சுருங்கிவிட்டது.

அப்படியென்றால் அந்த வைத்தியம் வேலை செய்ததா, இல்லையா? இளம் ஆட்கள் என்னிடம் நேரே கேட்கிற கேள்வி இது. ஒரு ஆய்வைக் காட்டிச் சொல்கிறேன். இலங்கை முழுவதும் வீடு வீடாகப் போய்ச் செய்த பாம்புக்கடி ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. வருசத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, அதில் சுமார் 30,000 பேருக்குத்தான் விஷம் ஏறுகிறது, 400க்கு மேற்பட்டோர் சாகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு.

அந்தக் கணக்கைத் திரும்ப வாசியுங்கள். கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விஷமே ஏறவில்லை. அவர்கள் எந்த வைத்தியரிடம் போனாலும் பிழைப்பார்கள். விஷகடி வைத்தியரின் புகழில் ஒரு பெரிய பங்கு இந்தக் கணக்குக்குச் சொந்தம். மற்றப் பாதியில் நாகமோ புடையனோ உண்மையாக விஷம் ஏற்றியிருந்தால், விஷமுறிவு ஊசி போடுகிற ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கெதியாகப் போகிறோம் என்பதில்தான் உயிர். திண்ணையில் போகிற ஒரு மணித்தியாலம் சாவாக முடியலாம். ஆகவே பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி. இதில் பாரம்பரியம், பெருமை ஒன்றும் பேசக் கூடாது.

ஆனால் பழைய விஷகடி வைத்தியரிடம் இருந்த ஒரு விசயம் இன்றைக்கும் தேவை. எந்தச் சாமத்திலும் "வரமாட்டேன்" என்று சொல்லாத ஒரு ஆள் நடந்து போகிற தூரத்தில் இருந்தார். 2022இல் பெற்றோல் வரிசை வீதி நீளத்துக்கு நின்றபோது, ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, சுருங்கிய தூரம் ஒரு மாதத்தில் பழையபடி நீளும் என்று கண்டோம். 1978 செப்டெம்பரில் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்பச் சுகாதாரம் பற்றிப் பிரகடனம் செய்தபோது, தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியர்களையும் பயிற்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார்கள். அதே வருசம் நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. வீதியெல்லாம் மரம் விழுந்து கிடந்த நாட்களில் அந்த வசனத்தின் அர்த்தம் எங்கட ஊர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

விலை சொல்லத் தெரிந்தவர்கள்

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குப் பாணி காய்ச்சினார். காளியம்மன் சொன்ன மருந்து என்றார். ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. சுகாதார அமைச்சரே கமராவுக்கு முன்னால் குடித்தார், அடுத்த மாதம் அவருக்கே தொற்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு "இதுதான் உங்கட நாட்டு வைத்தியம்" என்று பலர் சிரித்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது வெற்றிலையை எண்ணிப் பார்க்காமல் மடியில் வைத்த ஆட்கள்தான். கூட்டத்தையும் கமராவையும் பிடிக்கத் தெரிந்தவர் நாடு முழுக்கப் பிரபலம். ஒரு ஊருக்குள்ளேயே உழைத்துச் செத்தவர் சான்றிதழில் "கமம்".

இன்றைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பு. எங்கட வயசுப் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள், நல்ல விசயம். அவர்களுக்கு அரச நியமனம் கிடைத்தால் சம்பளம், கிடைக்காவிட்டால் சொந்தமாக ஒரு அறை எடுத்து, விலை எழுதித் தொழில் செய்ய வேண்டும். விலை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் நினைக்கிறேன். பழைய ஆட்கள் விலை சொல்லாததற்கு ஒரு ஊரே பின்னால் நின்று நெல் அளந்தது. அந்தக் களவெட்டி இன்றைக்கு இல்லை, இயந்திரம் வயலிலேயே அறுத்துச் சாக்கில் கட்டிவிடுகிறது.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கட ஊரிலும் பரிசாரியாரோ மருத்துவிச்சியோ எலும்பு கட்டுபவரோ ஒருவர் மிச்சமிருப்பார். அல்லது அவருக்கு மருந்து இடித்துக் கொடுத்த மகள் இருப்பா. போய் இருந்து கதையுங்கள். மந்திரத்தைக் கேட்காதீர்கள், அதை எப்படியும் சொல்ல மாட்டார்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், சரக்கு எங்கே வாங்கினீர்கள், யார் இடித்தது, ஆர் என்ன குடுத்தது, ஆர் குடுக்காமல் போனது, இயக்கமும் ஆமியும் நின்ற காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள்.

பெத்தாவிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "அப்பாட கையில என்னகா மிஞ்சினது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னா: "வெத்திலதான். வீட்டில ஒரு நாளும் வெத்திலைக்குக் குறைவில்ல." மறுகா தன் உள்ளங்கையைக் காட்டினா. உலக்கை பிடித்த தழும்பு இன்னும் இருந்தது.